கழுவினால் மட்டும் போதுமா?

(சங்கத்தின் பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. வருஷப்பிறப்பு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



செயலாளர் தம்பி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, நீங்கள் ஜெபல் அலியில கனகாலம் மரக்கறிக் குளிரறையில வேலை செய்தனீங்கள்தானே. எங்கட சனத்துக்கு மரக்கறி, பழங்களைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசுங்கோ" என்றார். நான் மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன். கிழங்குப் பெட்டியும் தக்காளிப் பெட்டியும் தூக்கினவன். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வருஷமாக மனதுக்குள் கிடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்ல இதுதான் இடம் என்று நினைத்தேன்.

ஜெபல் அலி என்றால் இங்கே இருக்கிற மூத்த ஆம்பிளையள் சிலருக்குத் தெரியும். ஐரோப்பாவுக்கு வர முதல் வளைகுடாவில் கால் வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! துபாய் நகரத்திலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். வெறும் மணலாகக் கிடந்த கரையைத் தோண்டி, 1976 இல் தொடங்கி, 1979 இல் துறைமுகத்தைத் திறந்தார்கள். 67 கப்பல்கள் அணையக்கூடிய துறைமுகம். 1985 இல் பக்கத்திலேயே சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. நான் போனது 1984 இல், ஊர் எரிந்து அடுத்த வருஷம். 1996 வரை அங்கேதான்.

அந்த நாட்டில் அந்தக் காலத்தில் மண்ணில் முளைத்தது கொஞ்சம், கப்பலில் வந்தது எல்லாம். தோடம்பழம், அப்பிள், வெங்காயம், உருளைக்கிழங்கு என்று குளிரூட்டிய கொன்ரெய்னர்களில் வந்து இறங்கும். கதவைத் திறந்தவுடன் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான். சலாது இலைக்கு 0 பாகையிலிருந்து 1 பாகைக்குள். வாழைப்பழத்துக்கு 13, 14. தக்காளிக்கு 10க்கு மேல். வெண்டிக்காயை 5 பாகையில் வைத்தால் கறுத்துப்போகும். இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் பெட்டியில் சோக்கட்டியால் எழுதி எழுதிக் காட்டித் தந்தார்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1987 ஆம் ஆண்டு. பிரபவ வருஷம் சித்திரை 14 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பிறந்தது. எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஆகவே 17 ஆம் திகதி வெள்ளிக்கிழமை காம்ப்பில் வருஷம் கொண்டாடுவது என்று முடிவு. இரண்டு அறை, பதினான்கு பேர். யாரோ ஊரிலிருந்து கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய காய்ந்த இலைகளை ஊறவைத்து மருத்துநீர் என்று பெயர் வைத்தோம். கைவிசேஷத்துக்கு ஒரு திர்ஹம். ஒருவர் ஆட்டிறைச்சி வாங்கி வந்தார். பழம் என் பொறுப்பு.

குளிரறையில் அந்தக் கிழமை வத்தகைப்பழம் வந்திருந்தது. சிலது கப்பல் ஆட்டத்தில் வெடித்திருந்தது. வெடித்ததை எறியச் சொன்னார்கள். நான் எறியவில்லை. தலைமயிர் அளவு கீறல் விழுந்த மூன்று நல்ல பெரிய பழமாகப் பார்த்துக் கொண்டு வந்து, காம்ப் முற்றத்தில் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே வைத்தேன். அந்த இடம் எப்போதும் ஈரம். பூனை, காகம் எல்லாம் வந்து போகிற இடம். காலையில் ஒரு வாளித் தண்ணீரில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முக்கிக் கழுவினேன். கவனியுங்கோ, நான் கழுவினேன்! பிறகு இறைச்சி வெட்டிய கத்தியைத் துணியால் துடைத்துவிட்டு அதாலேயே பழத்தை வெட்டினேன். பெரிய அலுமினியச் சட்டியில் போட்டு, ஈரத்துணியால் மூடி, நிழலில் வைத்தேன். வெட்டியது காலை ஒன்பது மணி. சாப்பிட்டது பின்னேரம் நாலு மணி. இடையில் சீட்டாட்டமும் பாட்டும்.

அன்று இரவே தொடங்கிவிட்டது. பழம் சாப்பிட்ட பன்னிரண்டு பேருக்கும் வயிற்றோட்டம், சத்தி. வேலை முடிந்து பிந்தி வந்த இரண்டு பேருக்கு ஒன்றும் இல்லை. அவர்களும் அதே சோறு, அதே இறைச்சிக்கறிதான் சாப்பிட்டவர்கள். பழம் மட்டும் முடிந்துபோயிருந்தது.

இளந்தாரிகள் நாங்கள் இரண்டு நாளில் எழும்பிவிட்டோம். எங்களோடு இருந்த வடமராட்சி அண்ணை ஒருவர், வயதில் மூத்தவர், எழும்பவில்லை. உடம்பில் நீர் வற்றி, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தார். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. அவர் வேலை செய்த இடத்தில் "உடல் தகுதி இல்லை" என்று எழுதி, மே மாத நடுவில் விமானம் ஏற்றிவிட்டார்கள். காணியை ஈடு வைத்து வந்த மனிதர். 1987 மே 26 ஆம் திகதி வடமராட்சியில் என்ன தொடங்கியது என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பத்து நாளும் எங்கள் அறையில் வானொலி கேட்டுக்கொண்டு இருந்தோமே தவிர ஒருவரும் சாப்பிடவில்லை. பிறகு தப்பி, பல நாடு சுற்றி, ரொறன்ரோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது நான் செய்த புண்ணியம் இல்லை, அவர் செய்தது.

என் பிழை எங்கே என்று விளங்க எனக்குப் பல வருஷம் எடுத்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

வத்தகைப்பழத்துக்குள் புளிப்பு இல்லை. தோடம்பழம், எலுமிச்சம்பழத்தில் உள்ள புளிப்பு கிருமியை வளரவிடாது. வத்தகையும் பப்பாப்பழமும் முலாம்பழமும் அப்படியில்லை. இனிப்பும் ஈரமும், கிருமிக்குப் படையல் மாதிரி. முழுப்பழமாக இருக்கும்வரை தோல் அதற்குக் காவல். தோலில் மண் இருக்கும், மிருக எச்சம் பட்டிருக்கும், ஆனால் உள்ளே போகாது. கத்தி வைத்தவுடன் அந்தக் கத்தியே தோலில் இருந்ததைச் சதைக்குள் கொண்டுபோகும். நான் கழுவிய வாளித் தண்ணீரோ ஒரு பழத்தின் ஊத்தையை மற்றப் பழத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. கீறல் விழுந்த பழம் வேறு! வெயிலில் சூடான பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும், காம்படியாலும் கீறலாலும் பழம் தண்ணீரை உள்ளே இழுக்கும். தக்காளி, மாம்பழம் இறக்குமிடங்களில் இதற்காகவே கழுவும் தண்ணீரைப் பழத்தைவிடச் சற்றுச் சூடாக வைப்பார்கள்.

அதற்குமேல் ஏழு மணித்தியாலம் வெளியில். இளஞ்சூட்டில் சில கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பிள்ளைகளே, கணக்குப் பாருங்கோ. ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று ஏழு மணித்தியாலத்தில் இருபத்தொரு தரம் இரட்டித்தால் எவ்வளவு? இருபது லட்சத்துக்கு மேல். ஒரு கிருமியிலிருந்து!

ஆகவே வெட்டிய பழத்தை 5 பாகைக்குக் கீழே வையுங்கோ. மேசையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். கோடைகாலத்தில் வெளியில், 32 பாகைக்கு மேல் என்றால், ஒரு மணித்தியாலம்தான். ஓடும் தண்ணீரில் முழுப்பழத்தைக் கையால் தேய்த்துக் கழுவி, துடைத்து, பிறகு வெட்டுங்கோ. சவர்க்காரம் போடாதேங்கோ. பழத்தோல் அதை உறிஞ்சும், பிறகு சவர்க்காரம் வயிற்றுக்குள் போகும்.

அடுத்தது, நாம் இப்போது வாழும் இந்த ஜேர்மனியில் நடந்தது. 2011 மே மாதம். மறந்திருக்க மாட்டீர்கள், கடைகளில் வெள்ளரிக்காய் குவிந்து கிடந்தது, ஒருவரும் வாங்கவில்லை. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் என்றார்கள். பாவம் ஸ்பெயின் தோட்டக்காரர், குற்றமே இல்லாமல் கோடிக்கணக்கில் நட்டப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால் கீழ்ச் சக்சனி மாநிலத்தில் ஒரு பண்ணையில் முளைக்க வைத்த முளைகள். அந்த முளை எதனுடையது தெரியுமோ? எங்கட வெந்தயம்! எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை. 3,800 பேருக்கு மேல் நோயாளிகள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். 800 பேருக்கு மேல் சிறுநீரகம் தாக்கப்பட்டது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி அக்கறை. நோயாளிகளிடம் "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டபோது பலருக்கு முளை நினைவில் இல்லை. சலாதுக்கு மேல் ஒரு சிட்டிகை தூவியதை யார் நினைவில் வைப்பார்கள்? பிறகு ஒரே உணவகத்தில் சாப்பிட்ட கூட்டங்களைப் பிடித்து, அவர்கள் என்ன உணவுக்குச் சொன்னார்கள், அந்த உணவுக்குள் சமையற்காரர் என்னென்ன போட்டார் என்று குசினியில் விசாரித்தார்கள். முளை போட்ட சாப்பாட்டுக்காரரிடம்தான் நோய். எங்கள் காம்ப்பில் பிந்தி வந்த இரண்டு பேரும் சொன்ன அதே சாட்சி.

முளைக்கு ஏன் இவ்வளவு ஆபத்து என்றால், விதைக்குள் ஒரு துளி கிருமி இருந்தாலும், முளைக்க வைக்கிற ஈரமும் சூடும் கிருமிக்கும் அதே அளவு நல்லது. கழுவினால் போகாது, வெடிப்புக்குள் இருக்கும். அதற்காகப் பயறு முளைக்க வைக்காதேங்கோ என்று நான் சொல்லவில்லை. பச்சையாகச் சாப்பிடாதேங்கோ. அவித்துத் தாளியுங்கோ. குறிப்பாகக் கர்ப்பிணிப் பிள்ளைகளுக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், அப்பம்மா அம்மம்மாமாருக்கும் பச்சை முளை வேண்டவே வேண்டாம். இந்த வகைக் கிருமி குழந்தையின் சிறுநீரகத்தில்தான் கை வைக்கும்.

இதே மாதிரித்தான் வல்லாரைச் சம்பல். எனக்கும் நாக்கில் தண்ணீர் ஊறும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வல்லாரை எங்கே படரும்? வாய்க்கால் ஓரம், வயல் வரம்பு, சதுப்பு. அந்தத் தண்ணீரில் என்ன வந்தது என்று இலை சொல்லாது. ஒவ்வொரு இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவி, அரிந்த உடனே சாப்பிட்டு முடியுங்கோ. சின்னப்பிள்ளைகளுக்கு வறையாக்கிக் கொடுங்கோ. தேங்காய்ப்பூவும் அரிந்த இலையும் சேர்ந்து மதியம் முழுக்க மேசையில் கிடந்தால் என் வத்தகைச் சட்டியின் கதைதான்.

இனித் தோட்டக்காரருக்குக் கொஞ்சம். நகரசபையிடம் தோட்டத்துண்டு வாடகைக்கு எடுத்து, கத்தரி, மிளகாய், கீரை போடுகிறவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். கை உயர்த்த வேண்டாம், நகங்களைப் பார்த்தாலே தெரிகிறது!

எங்களுடையது உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண். ஐயா ஆட்டெருவும் மாட்டெருவும் குழையும் தாட்டுத்தான் பயிர் செய்தார். அது நல்ல முறை. ஆனால் எரு பச்சையாக இருக்கக்கூடாது. அமெரிக்காவில் இயற்கை வேளாண்மை விதியில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மண்ணில் படுகிற கீரை, கரட் போன்றவற்றுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி. நிலத்தில் படாத காய்க்கு 90 நாள். இந்த நாட்டுக் கோடைக்கு 120 நாள் என்றால் பயிரே முடிந்துவிடும், ஆகவே எருவை மாரியில் தாட்டுவிடுங்கோ. அல்லது நன்றாக உக்கவிடுங்கோ. குவியலின் நடு 55 பாகைக்கு மேல் பல நாள் சூடேறி, பிரட்டிப் பிரட்டி விட்டு, மண் மணம் வரவேண்டும். சாண மணம் இருந்தால் அது இன்னும் எரு இல்லை. நாய், பூனை எச்சம் எருக்குவியலுக்குள் போகவே கூடாது.

தண்ணீர் இன்னும் பெரிய விஷயம். ஜெபல் அலி காம்ப்பில் எங்கள் ஆட்கள் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் முளைக்கீரை வளர்த்தார்கள். யாழ்ப்பாணத்தானை எங்கே விட்டாலும் இரண்டு பாத்தி கட்டுவான். சிலர் றோட்டோரத்து மரங்களுக்கு விடும் குழாயில் துளை போட்டு எடுத்தார்கள். அது பிழை. துபாயில் றோட்டோரப் பசுமைக்கு விடுவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். ஜெபல் அலியிலேயே பின்னர் பெரிய சுத்திகரிப்பு நிலையம் வந்தது. புல்லுக்கும் ஈச்சமரத்துக்கும் அது நல்ல தண்ணீர். பச்சையாகத் தின்னும் இலைக்கு அல்ல. இங்கே நீங்கள் கூரையிலிருந்து பீப்பாயில் பிடிக்கும் மழைத்தண்ணீரும் சுத்தம் என்று நினைக்காதேங்கோ. கூரையில் புறா இருக்கிறது. அந்தத் தண்ணீரை வேரடியில் ஊற்றுங்கோ, இலைமேல் தெளிக்காதேங்கோ. பிடுங்குவதற்கு முந்தின சில நாட்களுக்குக் கீரைக்குக் குழாய்த் தண்ணீர் விடுங்கோ.

ஊரில் இது இன்னும் பாரதூரமானது. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது எல்லாம் கிணற்றுக்கு இறங்கும். மலக்குழியும் கிணறும் அருகருகே. போதாக்குறைக்கு யூரியாவை அள்ளிக் கொட்டி, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. அது குழந்தைகளின் இரத்தத்தைத்தான் முதலில் பாதிக்கும்.

பூச்சிமருந்தையும் சொல்லவேண்டும். மருந்தடித்த அடுத்த நாள் விடிய மிளகாய் ஆய்ந்து சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனதை நான் என் கண்ணால் கண்டவன். போத்தலில் எழுதியிருக்கும், அடித்து எத்தனை நாளைக்குப் பிறகு ஆயலாம் என்று. யார் வாசித்தோம்? வளைகுடாவில் அதற்குத் தண்டனை பெரிதாக வந்தது. 2017 மே 15 முதல் ஐக்கிய அரபு அமீரகம் எகிப்தின் குடைமிளகாய் வகைகள், லெபனானின் அப்பிள், ஓமானின் முலாம்பழமும் கரட்டும், யேமனின் பழங்கள் எல்லாவற்றையும், ஜோர்தானின் பல மரக்கறிகளையும் மருந்து எச்சம் காரணமாகத் தடுத்தது. ஐரோப்பிய எல்லைகளிலும் 2010களில் இந்தியக் கறிவேப்பிலை தனியாகப் பிடித்துச் சோதிக்கப்பட்டது. கறிவேப்பிலை! வீட்டில் அப்பச்சோடா இருந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டுப் பதினைந்து நிமிஷம் ஊறவைத்துக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பது நன்றாகப் போகும். 2017 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தார் அப்பிளில் செய்து காட்டினார்கள். தோலுக்குள் இறங்கியது போகாது. லேபல் இல்லாத மருந்துப் பொட்டலங்களை ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்து இங்கே அடிக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன்.

2023 இல் மகளிடம் துபாய் போயிருந்தேன். நான் வேலை செய்த இடம் அடையாளம் தெரியவில்லை. ஜெபல் அலிப் பக்கம் அல் மக்தூம் விமான நிலையத்துக்கு அருகில் 2022 யூலையில் "புஸ்தானிக்கா" என்று ஒரு கீரைப்பண்ணை திறந்திருக்கிறார்கள். மண் இல்லை, வெயில் இல்லை. 330,000 சதுர அடிக் கட்டடத்துக்குள் தட்டுத்தட்டாக மின்விளக்கில் இலை வளர்க்கிறார்கள். நாளுக்கு 3,000 கிலோ. வயலைவிட 95 வீதம் தண்ணீர் குறைவு என்கிறார்கள். எமிரேற்ஸ் விமானத்தில் உங்களுக்குத் தருகிற சலாது அங்கிருந்து வரலாம். கடையில் ஒரு பெட்டி வாங்கினோம், கழுவாமல் சாப்பிடலாம் என்று போட்டிருந்தது! எனக்கு மனம் ஒப்பவில்லை. மகள் சிரித்தாள். "அப்பா, அங்க மாடும் இல்லை, புறாவும் இல்லை, வாளியும் இல்லை" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2006 இல் கலிபோர்னியாப் பசளிக்கீரை இதற்கு மறுபக்கம். மூன்று தரம் கழுவிப் பையில் அடைத்த கீரை. ஏறக்குறைய 200 பேர் நோயாளிகள், மூன்று பேர் இறந்தார்கள். வயலுக்குப் பக்கத்து மாடுகளிலும் காட்டுப்பன்றிகளிலும் அதே கிருமி இருந்தது. வயலில் ஏறியது மூன்று கழுவலுக்கும் இறங்கவில்லை. என்றாலும் கட்டடத்துக்குள் வளர்த்தால் எல்லாம் சரி என்றும் எண்ணவேண்டாம். 2021 இல் இலினோய் மாநிலத்தில் கண்ணாடிக்கூடத்தில் வளர்த்த சலாது இலையால் 31 பேருக்குச் சல்மொனெல்லா வந்தது. மற்றது, அந்தப் பெட்டி இலையில் ருசி என்று ஒன்றும் இல்லை. முளைக்கீரை ஒரு பிடிக்கு ஈடாகாது.

குளிர்சாதனப்பெட்டியைக் கோயில் மாதிரி நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லிஸ்தீரியா என்ற கிருமி குளிரிலும் வளரும். 2011 இல் கொலராடோ முலாம்பழத்தால் 147 பேர் நோயாளிகள், 33 பேர் இறந்தார்கள். பழம் பொதி செய்த கொட்டகையின் தரையில் தேங்கிய தண்ணீரும், கழுவ வழியில்லாத இயந்திரமும்தான் காரணமாய் நின்றன. பெட்டியின் அடித்தட்டில் மரக்கறிச்சாறு காய்ந்து கிடக்கவிடாதேங்கோ. இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், சலாது மேல்தட்டில்.

நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ரொறன்ரோ அண்ணைக்கு எண்பது தாண்டிவிட்டது. வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு நான்தான் தொலைபேசி எடுப்பேன். ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இந்த வருஷம் வத்தகைப்பழம் எப்படி?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார். எனக்குத்தான் இன்னும் சிரிக்க வருவதில்லை.

சித்திரை விழாவுக்கு இந்த மண்டபக் குசினியில் முந்நூறு பேருக்குச் சமைக்கப் போகிறீர்கள். வாசலடியில் ஒரு பை வைத்திருக்கிறேன். அதற்குள் பச்சைநிறப் பலகை இரண்டும் கத்தி இரண்டும் பழத்துக்கும் சலாதுக்கும் மட்டும். சிவப்புப் பலகை இறைச்சிக்கு. ஒரு வெப்பமானியும் இருக்கிறது, அதைக் குளிர்சாதனப்பெட்டிக்குள் தொங்கவிடுங்கோ. பழம் வெட்டும் வேலையை இந்தமுறையும் என்னிடம் தாருங்கோ. பரிமாறுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் வெட்டுவேன், யாரும் அவசரப்படுத்தக்கூடாது.